வீட்டில் சாசேஜ் சமைப்பது எப்படி: பாக்கெட் வாங்குவதிலிருந்து வாழையிலையில் சுருட்டுவது வரை

சாசேஜ் சமைக்கப் புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். கோழிக்கறி வறுவலுக்குப் பழகிய கை, சாசேஜையும் முதலில் எண்ணெயில் போட்டு, வெங்காயம், தக்காளி, மசாலா, உப்பு என்று வரிசையாகச் சேர்த்து, மூடி வேகவைக்கிறது. கடைசியில் தோல் வெடித்து, உள்ளே சக்கையாகி, உப்புக் கரிக்கிறது. கறியில் முதலில் வரும் எண்ணெய் இதில் கடைசியில் வர வேண்டும். கீழே உள்ள எல்லா முறைகளும் இந்த வரிசையை ஒட்டியே எழுதப்பட்டவை.

1. பாக்கெட்டைத் தேர்ந்தெடுப்பது

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர்களில் கிடைப்பது பெரும்பாலும் சிக்கன் சாசேஜ்தான். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தொழிற்சாலையிலேயே வேகவைத்து உறைய வைத்தது. மற்றது பச்சையானது. பாக்கெட்டின் பின்பக்கம் 'குக்டு', 'ப்ரீ-குக்டு', 'ரா' என்று எது அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். சமைக்கும் நேரமும் முறையும் இதைப் பொறுத்தே மாறும்.

எழுத்து அழிந்திருந்தால், குளிர் இறங்கியபின் ஒன்றைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். வெந்தது விறைப்பாக நின்று, விட்டதும் நிமிரும். பச்சையானது தொய்ந்து தொங்கும். நறுக்கினால் கைமா பிசுபிசுப்பாகக் கத்தியில் ஒட்டும். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நிறம் மாறாமலும் கெடாமலும் இருக்கச் சேர்க்கும் நைட்ரைட் என்ற உப்பு கலந்த சாசேஜ் முழுதும் வெந்த பிறகும் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

பாக்கெட்டுக்குள் சாசேஜ்கள் தனித்தனியாக அசைய வேண்டும். எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டி, உள்ளே பனிக்கட்டி திரண்டிருந்தால் அது ஒருமுறை உருகி மீண்டும் உறைந்தது. மின்வெட்டு அடிக்கும் கோடையில் இது சகஜம். அப்படிப்பட்ட பாக்கெட்டைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

மற்ற சாமான்களை எல்லாம் எடுத்து முடித்தபின் சாசேஜைக் கடைசியாக எடுங்கள். வேலூரில் வாங்கி ஆரணிக்கோ குடியாத்தத்துக்கோ பஸ்ஸில் போகிறவர்கள், பாக்கெட்டை நாலைந்து மடிப்புச் செய்தித்தாளில் சுற்றி, உறைந்த வேறொரு பாக்கெட்டுடன் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம். நாற்பது டிகிரியைத் தாண்டும் மே மாத வெயிலில் வெறும் துணிப்பையில் வைத்து எடுத்துப்போனால், வீடு சேர்வதற்குள் முழுக்க உருகிவிடும்.

2. அடுப்புக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

- அடி கனமான வாணலி அல்லது இரும்புத் தோசைக்கல், அதற்குப் பொருந்தும் மூடி
- இடுக்கி. முள்கரண்டி வேண்டாம், குத்திய ஓட்டை வழியாகக் கொழுப்பும் சாறும் ஒழுகிவிடும்
- கூரான கத்தி
- அளவுக் கரண்டி
- பச்சைச் சாசேஜ் அடிக்கடி சமைப்பவராக இருந்தால், இறைச்சியில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர்

உப்பு டப்பாவை எட்டத்தில் வையுங்கள். கடை சாசேஜில் உப்பு ஏற்கெனவே தாராளமாக இருக்கிறது. கை பழக்கத்தில் போடும் ஒரு சிட்டிகைதான் பாதிச் சமையலைக் கெடுக்கிறது.

3. உறைபனியை இறக்குவது

முதல் நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள் வைப்பதே சரியான வழி. கிண்ணம் எதற்கென்றால், வடியும் நீர் கீழே இருக்கும் காய்கறியில் படக்கூடாது.

அவசரமென்றால் பிரிக்காத பாக்கெட்டைக் குளிர்ந்த நீரில் முக்கி வையுங்கள். கால் கிலோ பாக்கெட் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். கோடையில் மாடித்தொட்டித் தண்ணீர் சூடாகத்தான் வரும். அதில் போட்டால் வெளிப்புறம் வெதுவெதுப்பாகி, நடு உறைந்தே கிடக்கும். பானைத் தண்ணீரில் ஐஸ் துண்டு போட்டுப் பயன்படுத்துங்கள்.

சமையல் மேடையில் திறந்து வைத்து உருக விடாதீர்கள். 5 முதல் 60 டிகிரி வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும் வெப்பம், நம் ஊர்ச் சமையலறை எப்போதும் அதற்குள்தான் இருக்கிறது. உருகியதை மீண்டும் உறைய வைக்கவும் கூடாது. தேவைக்குப் பாதி பாக்கெட் போதுமென்றால், உறைந்த நிலையிலேயே பிரித்து மீதியைக் காற்றுப் புகாத பையில் போட்டு உடனே ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

உறைந்தபடியே எண்ணெயில் போடுவதுதான் ஆபத்தான தவறு. பனி நீராகி எண்ணெய் முகத்தில் தெறிக்கும். வெளியே கருகும், உள்ளே சில்லென்று இருக்கும்.

சில வகைகளில் மேலே தடிமனான, கண்ணாடி போன்ற உறை இருக்கும். நகத்தால் நுனியில் கீறிப் பாருங்கள். முழு நீளத்துக்கு உரிந்து வந்தால் அது தின்னும் உறை அல்ல, கழற்றிவிட வேண்டும்.

4. அடிப்படை முறை: முதலில் நீர், பிறகு எண்ணெய்

இந்த ஒன்று கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. பொறுமையாகச் செய்யுங்கள்.

வெந்த சாசேஜ் கால் கிலோவுக்கு: வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். கால் கப் தண்ணீர் விடுங்கள். மிதமான தீயில் நாலைந்து நிமிடம், அவ்வப்போது உருட்டிவிடுங்கள். தண்ணீர் முழுதும் வற்றிச் சடசடவென்ற சத்தம் வந்ததும் இரண்டு டீஸ்பூன் கடலை எண்ணெய் விட்டு, தீயைக் குறைத்து, மூன்று நாலு நிமிடம் உருட்டிக்கொண்டே இருங்கள். எல்லாப் பக்கமும் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள்.

பச்சைச் சாசேஜ் என்றால் அரை கப் தண்ணீர், மூடி போட்டு, சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பாதியில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். தடிமனானதை நடுவில் வெட்டிப் பார்த்தால் சாறு தெளிவாக வர வேண்டும், கைமா பிசுபிசுப்பு போயிருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அதன் பிறகே மூடியைத் திறந்து, நீரை வற்றவிட்டு, எண்ணெயில் சிவக்க வைப்பது.

தண்ணீர் இருக்கும் வரை வாணலியின் சூடு நூறு டிகிரியை ஒட்டியே நிற்கும். உள்ளும் புறமும் சேர்ந்து சூடேறும், தோல் அவசரப்பட்டுச் சுருங்காது. நேரே காய்ந்த எண்ணெயில் போட்டால் தோல் உடனே இறுகிவிடும்; அதற்குப் பிறகு உள்ளே கிளம்பும் நீராவிக்குப் போக வழியில்லாமல் பக்கவாட்டில் வெடிக்கும். போதாக்குறைக்குப் பல சாசேஜ்களில் மாவும் சர்க்கரையும் கலந்திருக்கும். பெருந்தீயில் அவைதான் முதலில் கருகிக் கசக்கின்றன.

காட்பாடி பக்கம் அறை எடுத்துத் தங்கி, இண்டக்‌ஷன் அடுப்பில் சமைக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. 800 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். இண்டக்‌ஷனின் சுருள் வட்டம் சிறியது. பெரிய வாணலியின் நடுப்பகுதி மட்டும் கொதித்து, ஓரம் ஆறிக்கிடக்கும். சாசேஜ்களை இடம் மாற்றி மாற்றி உருட்டுங்கள்.

பிரஷர் குக்கரில் விசில் விடுவது வேண்டவே வேண்டாம். அழுத்தத்தில் தோல் பிளந்து, உப்பெல்லாம் நீரில் இறங்கி, பஞ்சாகிவிடும்.

5. நறுக்குவதில் இருக்கும் வேலை

எப்படி நறுக்குகிறோம் என்பதை வைத்தே மசாலா ஒட்டுவதும் முறுகுவதும் அமையும். கறிவறுவலுக்கு ஒரு சென்டிமீட்டர் தடிமனில் சாய்வாக நறுக்குங்கள். நேர் வட்டத்தைவிடச் சாய்வு வட்டத்தில் வெட்டுப்பரப்பு அதிகம், முறுகும் இடமும் அதிகம். அதைவிட மெல்லியதாக நறுக்கினால் காய்ந்து சிப்ஸ் ஆகிவிடும்.

முழுதாகப் பரிமாற வேண்டுமென்றால் மேற்பரப்பில் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில், அரிசி மணி ஆழத்துக்குச் சாய்வாகக் கீறுங்கள். இது வெந்த சாசேஜுக்கு மட்டும். பச்சையானதை வேகும் முன் கீறினால் கைமா பிதுங்கி வெளியே வந்துவிடும்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது சுருள் வெட்டு. அரை மணி நேரம் நீரில் ஊறிய மூங்கில் குச்சியைச் சாசேஜின் நீளவாக்கில் செருகுங்கள். கத்தியைச் சாய்வாகக் குச்சியில் படும்வரை அழுத்தி, கத்தியை அசைக்காமல் சாசேஜைச் சுழற்றிக்கொண்டே போங்கள். இரண்டு முனைகளையும் மெல்ல இழுத்தால் சுருள் விரியும். இடுக்குகளில் தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது தடவி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்டெடுக்கலாம். குச்சியின் கூர்முனையை உடைத்துவிட்டே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வட்டமாக நறுக்கிக் கொடுக்கவே கூடாது. அந்த வட்டத் துண்டு குழந்தையின் தொண்டையைச் சரியாக அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நாலாகக் கீறி, பிறகு பொடியாக நறுக்குங்கள்.

6. சின்ன வெங்காய மிளகு வறுவல்

கால் கிலோ சாசேஜ், உரித்த சின்ன வெங்காயம் இருபது, தட்டிய பூண்டு ஆறு பல், கறிவேப்பிலை இரண்டு கொத்து, கொரகொரவென்று இடித்த மிளகு ஒன்றரை டீஸ்பூன், சோம்பு அரை டீஸ்பூன், கடலை எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன்.

சாசேஜை நான்காம் பகுதியில் சொன்னபடி செய்து, சாய்வாக நறுக்கி, அதே வாணலியில் வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி ஒரு நிமிடம் முறுகவிட்டுத் தனியே எடுத்து வையுங்கள். வாணலியைக் கழுவாதீர்கள், அடியில் ஒட்டியிருப்பதுதான் ருசி. அதிலேயே எண்ணெய் விட்டு சோம்பு, பூண்டு, கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயத்துக்கு மட்டும் ஒரு சிட்டிகை உப்பு. வெங்காயம் விடும் நீரில் அடிப்பிடித்தது கரைந்துவிடும். வெங்காயம் ஓரம் சிவந்து, நடுவில் கொஞ்சம் நறுக்கென்று இருக்கும்போது சாசேஜைக் கொட்டி, மிளகைத் தூவி, ஒரே நிமிடம் கிளறி இறக்குங்கள்.

மிளகை முன்னாலேயே போட்டால் கருகிக் கசக்கும், வாசனையும் பறந்துவிடும். ரசம் சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான தொட்டுக்கை சாசேஜில் இல்லை.

7. மிளகாய் விழுதும் சீரகச் சம்பாவும்

இந்தச் சாசேஜ் சோற்றை ஆம்பூர் பிரியாணி என்று சொல்வது அந்தப் பிரியாணிக்குச் செய்யும் அநியாயம். அதிலிருந்து ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதையும் சீரகச் சம்பா அரிசியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம். மிளகாய்த்தூளில் வராத நிறமும் அடங்கிய காரமும் விழுதில் வரும், சாசேஜின் கொழுப்புக்கு அது நன்றாக ஈடுகொடுக்கிறது.

நாலு பேருக்கு: சீரகச் சம்பா இரண்டு கப், சாசேஜ் 300 கிராம், காய்ந்த மிளகாய் பத்து, பெரிய வெங்காயம் மூன்று, தக்காளி மூன்று, பூண்டு விழுது ஒரு டேபிள்ஸ்பூன், இஞ்சி விழுது ஒரு டேபிள்ஸ்பூன், தயிர் கால் கப், புதினாவும் கொத்தமல்லியும் கைப்பிடி, பட்டை, கிராம்பு, ஏலக்காய், எண்ணெய் ஐந்து டேபிள்ஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன்.

மிளகாயின் விதையைத் தட்டிவிட்டு, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரையுங்கள். அரிசியைக் கழுவி இருபது நிமிடம் ஊறவையுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் எண்ணெய் விட்டு, வேகவைத்து நறுக்கிய சாசேஜை வறுத்துத் தனியே எடுங்கள். அந்த எண்ணெயில் பட்டை வகைகள், பூண்டு, பிறகு இஞ்சி. பச்சை வாசனை போனதும் மிளகாய் விழுது. எண்ணெய் பிரிந்து வரும்வரை சிறு தீயில் கிளற வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசிவரை மிளகாயின் பச்சை நெடி அடிக்கும். அடுத்து வெங்காயம், தக்காளி, தயிர், இலைகள், உப்பு. தக்காளி குழைந்ததும் மூன்றரை கப் தண்ணீர் ஊற்றுங்கள். கொதி வந்ததும் அரிசியைப் போடுங்கள்.

தண்ணீர் வற்றி அரிசி மட்டத்துக்கு வரும்போதுதான் சாசேஜ் உள்ளே போக வேண்டும். மேலாகப் பரப்பி, மூடி, பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல் வைத்து, சிறு தீயில் பதினைந்து நிமிடம் தம். பத்து நிமிடம் ஆறவிட்டு, ஓரத்திலிருந்து கரண்டி விட்டுக் கிளறுங்கள். அரிசியோடு முதலிலிருந்தே கொதிக்கவிட்டால் சாசேஜ் ஊதிப்போய் ருசியற்றுவிடும், அதன் உப்பெல்லாம் சோற்றில் ஏறிவிடும்.

8. முள்ளு கத்தரிக்காயோடு

புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் சந்தையில் கிடைக்கும்போது இதைச் செய்யத் தவறாதீர்கள். சதை வெண்ணெயாகக் குழையும். சாசேஜின் இறுக்கத்துக்கு அந்தக் குழைவுதான் தேவை. கால் கிலோ காயை நாலாகப் பிளந்து, எண்ணெயில் தோல்பக்கம் கீழே இருக்கும்படி வதக்குங்கள். சின்ன வெங்காயம், மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மல்லித்தூள் ஒரு டீஸ்பூன், நெல்லிக்காய் அளவு புளிக்கரைசல் சேர்த்துக் கொதிக்கவிட்டு, எண்ணெய் மேலே வந்ததும் வறுத்த சாசேஜைப் போட்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். வழக்கமாகப் போடும் உப்பில் பாதி போதும்.

9. குழிப்பணியாரம்

சற்றுப் புளித்த இட்லி மாவு இரண்டு கப்புக்கு மூன்று சாசேஜ். பொடியாக நறுக்கி, ஈரம் வற்ற வறுத்து, ஆறவைத்து, வெங்காயம், பச்சை மிளகாயோடு மாவில் கலந்து, குழியில் முக்கால் அளவு ஊற்றுங்கள். வறுக்காமல் போட்டால் சாசேஜ் விடும் நீரால் நடுவில் மாவு வேகாமல் நிற்கும். தொட்டுக்கொள்ள மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சட்னி. முட்டைக் கொத்து பரோட்டாவுக்கும் தோசைக்குள் வைத்துச் சுருட்டுவதற்கும் இதே வறுத்த பொடித் துண்டுதான்.

10. வீட்டிலேயே சாசேஜ்: வாழையிலையில் சுருட்டி, இட்லிப் பானையில்

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 2015-இல் வைத்தது. அதனால் கடை சாசேஜ் தினச் சாப்பாடு ஆகக்கூடாது. பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் வீட்டில் இந்த வேலையைக் கற்றுக்கொள்வது நல்லது. கறியை அடைக்கக் குடலும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

தேவை: எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி அரை கிலோ. கடையில் தோலோடு கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு, சாசேஜ் வறண்டு உதிரும். தூள் உப்பு 9 கிராம், ஏறக்குறைய ஒன்றரை டீஸ்பூன். ஐஸ் தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன். பொட்டுக்கடலை மாவு ஒரு டேபிள்ஸ்பூன், மிளகு ஒரு டீஸ்பூன், பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு துண்டு, பச்சை மிளகாய் இரண்டு, பொடியாக நறுக்கிய கொத்தமல்லி.

முதல் படி, குளிர்வித்தல். கறியையும் தோலையும் தனித்தனியாகச் சிறு துண்டுகளாக நறுக்கித் தட்டில் பரப்பி, ஃப்ரீசரில் அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வையுங்கள். ஓரம் விறைத்திருக்க வேண்டும், கல்லாகக் கூடாது. மிக்சி ஜாரையும் கூடவே வையுங்கள். இதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். அரைக்கும்போது கறி சூடேறினால் கொழுப்பு உருகிப் பிரிந்துவிடும். வேகவைத்ததும் எண்ணெய் தனியே வடிந்து, கறி மணல் மணலாக நிற்கும்.

இரண்டாம் படி, அரைத்தல். கறியையும் உப்பையும் முதலில் போட்டு, விட்டு விட்டு ஓட்டுங்கள். உப்புதான் கறியிலிருந்து பசைத்தன்மையை வெளியே இழுக்கிறது. அதை முதலிலேயே போடக் காரணம் இதுவே. பிறகு ஐஸ் தண்ணீர், பிறகு தோல், கடைசியில் மாவும் மசாலாவும். ஜார் வெதுவெதுப்பாகத் தெரிந்தால் நிறுத்தி, பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துத் தொடருங்கள். ஒரு உருண்டையை உள்ளங்கையில் அழுத்திக் கையைக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்பதே பதம்.

மூன்றாம் படி, ருசி பார்த்தல். ஒரு சிறு வடையைத் தோசைக்கல்லில் முழுதாக வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்போ காரமோ திருத்த இதுதான் கடைசி வாய்ப்பு.

நான்காம் படி, சுருட்டுதல். வாழையிலையைத் தணலில் காட்டி வாட்டுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும். இலையின் பளபளப்பான பக்கத்தில் எண்ணெய் தடவி, கலவையைப் பெருவிரல் தடிமனில் நீளமாக வைத்து, இறுக்கிச் சுருட்டி, இரு முனைகளையும் வாழை நாரால் கட்டுங்கள். உள்ளே காற்று இருந்தால் அந்த இடம் பொந்தாகிவிடும். தடிமன் கூடினால் வேகும் நேரமும் கூடும், எனவே எல்லாம் ஒரே தடிமனில் இருக்கட்டும்.

ஐந்தாம் படி, ஆவி. இட்லிப் பானையில் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து, உருளைகளை வைத்துப் பதினைந்து நிமிடம். நடுவில் 74 டிகிரி வர வேண்டும். பெருந்தீ வேண்டாம், வேகமாகச் சுருங்கினால் சாறு இலைக்குள் வடிந்துவிடும்.

ஆறியதும் இலையோடு ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தே பிரியுங்கள். சூட்டோடு பிரித்தால் உடையும். வெட்டினால் உள்ளே சாம்பல் பழுப்பாக இருக்கும். நைட்ரைட் இல்லாததால் வரும் நிறம், கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. சிவப்பு வேண்டுமென்றால் அரைக்கும்போது காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன் சேர்க்கலாம்.

அதே காரணத்தால் இது கடை சாசேஜ் அளவுக்குத் தாங்காது. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால், பிரித்து ஈரம் துடைத்து, ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் மாற்றி, மேலே தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதம் வரை ருசி மாறாது. சமைக்கும்போது இதற்கு நீர் கட்டம் தேவையில்லை. ஃப்ரிட்ஜில் பனி இறங்கியபின் நேரே தோசைக்கல்லில், மிதமான தீயில், கொஞ்சம் எண்ணெயில் உருட்டி, உள்ளே நன்றாகச் சூடேறி மேலே சிவக்கும்வரை வைத்தால் போதும்.